பெயர் திரும்பி வந்தது, சிரிப்பு வரவில்லை: இரண்டாம் பாகம் எடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

பழைய நகைச்சுவைப் படங்களுக்கும் அவற்றில் வந்த பாத்திரங்களுக்கும் இரண்டாம் பாகம் எடுத்தவர்கள், எடுத்துக்கொண்டிருப்பவர்கள், தலைப்பை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொண்டு நல்ல நேரத்துக்குக் காத்திருப்பவர்கள் என உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். நான் விமர்சகன் அல்லன்; யூடியூபில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பார்வையாளர் சேர்ப்பவனும் அல்லன். டிக்கெட் எடுத்து, வண்டி நிறுத்தக் காசு கொடுத்து, இடைவேளையில் பாப்கார்ன் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அப்படியும் அதை வாங்குகிற சாதாரணப் பார்வையாளன். இரண்டாம் பாகம் என்றால் முதல் வாரத்திலேயே போய்விடுவேன். உங்கள் வசூலில் என் காசும் இருக்கிறது என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

என் தந்தை அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறைத் தகராறு இல்லாத நாள் அவருடைய பணிக்காலத்தில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. வரவேண்டிய இரண்டு ரூபாயில் ஒரு ரூபாயை மட்டும் பயணியின் கையில் வைப்பார், "இன்னொரு ரூபாய் எங்கே?" என்று அவர் குரலை உயர்த்தியதும், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அந்த இன்னொண்ணுதாங்க இது" என்பார். 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாதவர் அந்த வழித்தடத்தில் ஒருவரும் இல்லாததால், கோபப்பட்டவரே முதலில் சிரித்துவிடுவார். பிறகு பேருந்தே சிரிக்கும். நாலு நிறுத்தம் தள்ளிச் சில்லறை சேர்ந்ததும் அந்த ஒரு ரூபாய் உரியவரிடம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதையும், தந்தையின் நற்பெயர் கருதி, இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவரை அழைத்துக்கொண்டு சில காலத்துக்கு முன் ஓர் இரண்டாம் பாகத்துக்குப் போயிருந்தேன். எந்தப் படம், எந்தத் திரையரங்கம் என்பது இங்கே முக்கியமில்லை. விளக்கு அணைந்ததிலிருந்தே அவர் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். பழைய பின்னணி இசையின் ஒரு துணுக்கு வந்தபோது, காட்சியில் எதுவும் நடப்பதற்கு முன்பே, ஒரு முறை சிரித்தும் விட்டார். ஊர் முழுக்க அறிந்த அந்தப் பழைய வசனம் முதல் முறை ஒலித்தபோது அரங்கமே விசிலடித்தது. இரண்டாம் முறை முன்வரிசையில் மட்டும் விசில் கேட்டது. மூன்றாம் முறை அந்த வசனம் வந்தபோது, பின்னாலிருந்த ஒரு சிறுவன் நடிகர் முடிப்பதற்கு முன்பே அதைச் சொல்லி முடித்தான். அவனுக்குத்தான் அரங்கம் சிரித்தது. இடைவேளையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு என் தந்தை சொன்னார்: "அவங்கல்லாம் நல்லாத்தான் பண்றாங்கப்பா. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல, சிரிப்பு வரமாட்டேங்குது."

நான் இந்த மடலை எழுதுவது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். குறை அவரிடம் இல்லை. அன்றிரவே வீட்டில், நூறு முறை பார்த்த ஒரு பழைய நகைச்சுவைத் துணுக்கு தொலைக்காட்சியில் ஓடியபோது, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்து சிரித்தார். அப்படியானால் குறை எங்கே என்று எனக்குத் தோன்றியதைப் படங்களின் பெயரைச் சொல்லியே விளக்க முயல்கிறேன். யாரையும் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. பெயர் சொல்லாமல் பொதுவாகக் குறைபட்டுக்கொண்டால், ஒவ்வொருவரும் அது அடுத்தவருடைய படத்தைப் பற்றியது என்று எண்ணிக்கொள்வார்கள்.

நாய் சேகரிலிருந்து தொடங்குகிறேன். 2006இல் சுராஜ் இயக்கத்தில் வந்த 'தலைநகரம்' படத்தின் நாயகன் சுந்தர் சி.; ரைட் என்ற பெயருடைய, எல்லோரும் அஞ்சுகிற ரவுடி; அந்த வாழ்க்கையை விட்டு எப்படியாவது வெளியேறிவிட வேண்டும் என்று நினைப்பவன். அதே படத்தில் வடிவேலு நடித்த நாய் சேகரோ, தன்னையும் ஒரு ரவுடியாக ஊர் ஏற்றுக்கொள்ளாதா என்று ஏங்குகிறவன். "நானும் ரவுடிதான், நானும் ஜெயிலுக்குப் போறேன்" என்று காவலர்களிடமே மன்றாடுகிறவன். உண்மையான ரவுடி வெளியே ஓடப் பார்க்கிறான், போலி ரவுடி உள்ளே நுழையப் பார்க்கிறான். இந்த எதிரும் புதிரும்தான் அந்த நகைச்சுவையின் உயிர். ரைட்டின் கதையில் ரத்தமும் இழப்பும் இருப்பதால்தான் நாய் சேகரின் வீறாப்பு நமக்குச் சிரிப்பாகிறது. அந்தக் கனமான கதையின் ஓரத்தில், தன்னை யாரும் பொருட்படுத்தாத இடத்தில், அவன் நின்றுகொண்டிருந்தான். பொருட்படுத்தப்படாததுதான் அவனுடைய முழுக் குணமும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், அதே இயக்குநரும் அதே நடிகரும் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்று வந்தார்கள். வடிவேலுவை 2017க்குப் பிறகு திரையில் காணாமல் தவித்திருந்த எங்களுக்கு அந்த அறிவிப்பே தீபாவளி. அந்தப் பெயருக்கு இருந்த கிராக்கி எத்தகையது என்றால், அதே ஆண்டு ஜனவரியில் இன்னொரு நடிகரின் படம் 'நாய் சேகர்' என்ற தலைப்பிலேயே வந்துவிட, மூலவர் 'ரிட்டர்ன்ஸ்' என்ற ஒட்டுடன் வர வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் சுமந்த பெயரை, முதல் படத்தில் ஒருவன் தன்னைத் தானே பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளச் சுமந்து திரிந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது; அந்தச் சிரிப்பு இரண்டு படங்களிலும் இல்லை. வசதியானவர்களின் நாய்களைக் கடத்திப் பணம் பறிப்பவனாக வந்த புதிய சேகரைச் சுற்றி இருந்தவர்கள் அனைவருமே சிரிக்க வைப்பதற்காக அமர்த்தப்பட்டவர்கள். அவனை அடித்து உட்கார வைக்க ஒரு ரைட் அங்கே இல்லை. ஓரத்தில் நின்றவனை நடுவில் நிறுத்தி, கூட்டத்துக்குள் போக ஏங்கியவனைக் கூட்டத்துக்கே தலைவனாக்கிவிட்ட பிறகு, நாய் சேகர் என்ற பெயரைத் தவிர எங்களுக்குத் தெரிந்த ஆள் திரையில் எஞ்சவில்லை.

இதை வடிவேலுவின் குறையாக நான் சொல்லவில்லை. நகைச்சுவை ஒரு தனி மனிதரின் முகத்தில் இருக்கிறது, அந்த முகத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் சிரிப்பும் பின்னாலேயே வந்துவிடும் என்று நீங்கள் போடும் கணக்கைத்தான் குறை சொல்கிறேன். 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். செல்லப்பா சொல்லும் கதையில் அப்படி ஒன்றும் இல்லை. ஓர் இருட்டு, ஒரு சத்தம், ஒரு கதவு, அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் டி. எஸ். பாலையாவின் கண்ணும் வாயும் கையிலிருக்கும் துண்டும்தான் அந்தக் கதையை நமக்குக் காட்டுகின்றன. சொல்பவருக்கு இணையாகக் கேட்பவரும் அங்கே உழைக்கிறார். (ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, எடுக்கப்போகும் படத்துக்கு அப்பாவிடம் பணம் கேட்டு நச்சரிக்கும் ஒரு தயாரிப்பாளரைப் பற்றிய காட்சி அது என்பதால், உங்களில் பலருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.) கவுண்டமணியின் எரிச்சல் இல்லாமல் செந்திலின் அப்பாவித்தனம் வெறும் அசட்டுத்தனம். என் தந்தையின் பேருந்திலும் அப்படித்தான்: சில்லறை கேட்டுச் சீறும் பயணி இல்லாமல் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தால், மேலதிகாரியிடம் புகார்தான் போயிருக்கும்.

2005இல் வந்த 'சந்திரமுகி' நகைச்சுவைப் படம் அன்று. ஆனாலும் அந்தப் படத்தில் வடிவேலு நடித்த முருகேசனை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சந்திரமுகியைவிட நன்றாக அறிவார்கள். பயந்து நடுங்கும் முருகேசனுக்கு எதிரில், எதற்கும் அஞ்சாமல், அவருடைய பயத்தைச் சீண்டி விளையாடும் சரவணனாக ரஜினிகாந்த் இருந்தார். பெரிய நட்சத்திரம் ஒருவர் தன்னைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, நகைச்சுவை நடிகருக்கு எடுத்துக்கொடுக்கும் ஆளாக நின்ற காட்சிகள் அவை. 2023 செப்டம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது அதே இயக்குநர் பி. வாசு இருந்தார், அரண்மனை இருந்தது, முருகேசனும் இருந்தார். சரவணன் இல்லை. முருகேசன் பயந்தார், அந்தப் பயத்தை வாங்கித் திருப்பி அடிக்க எதிர்முனையில் ஆள் இல்லாததால், பந்து ஒவ்வொரு முறையும் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது.

அடுத்து, வசனங்கள். நீங்கள் இரண்டாம் பாகத்தில் மறக்காமல் சேர்க்கும் அந்தப் பழைய வசனங்களைப் புகழ்பெறச் செய்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? 2003இல் வந்த 'வின்னர்' படத்தில் கைப்புள்ள நடத்திய வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் பெயர் பத்தாண்டு கழித்து ஒரு படத்தின் தலைப்பானது. நாய் சேகரின் வசனமே 2015இல் 'நானும் ரௌடிதான்' என்று தலைப்பாயிற்று. அந்தப் பத்து ஆண்டுகளில் அவை நகைச்சுவைத் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் ஓடின. கல்லூரி விடுதிகளில், தேநீர்க் கடைகளில், அலுவலகத் தேநீர் இடைவேளைகளில், பிறகு மீம்களில் நாங்கள் அவற்றைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து மெருகேற்றினோம். 2019 மே மாதம் முகநூலில் யாரோ ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்குப் பெயர் என்ன என்று கேட்க, எங்களில் ஒருவர் நேசமணியின் தலையில் அது விழுந்த கதையைச் செய்தி போலச் சொல்லப்போக, 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் அந்த ஒப்பந்தக்காரருக்காக உலகமே பிரார்த்தனை செய்யத் தொடங்கியது. நாட்டில் புதிய அரசு பதவியேற்கும் வாரத்தில், அந்தச் செய்தியோடு போட்டி போட்டுக்கொண்டு நேசமணியின் உடல்நிலை டுவிட்டரில் முன்னணியில் நின்றது. இதற்கு எந்தத் தயாரிப்பாளரும் ஒரு பைசா விளம்பரச் செலவு செய்யவில்லை. இப்படி நடக்கும் என்று அந்தக் காட்சியை எழுதியவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஒரு வசனம் மக்களிடம் போய்ச் சேர்வது அப்படித்தான், கேட்காமல், திட்டமிடாமல். இரண்டாம் பாகத்திலோ அது திட்டமிட்டு வருகிறது. கேமரா மெதுவாக நெருங்குகிறது, பின்னணி இசை ஒரு கணம் நிற்கிறது, இப்போது நீங்கள் கைதட்ட வேண்டும் என்று ஒரு இடைவெளி விடப்படுகிறது, பிறகு அந்த வசனம். நாங்கள் இருபது ஆண்டுகள் பயன்படுத்தி எங்களுடையதாக்கிக்கொண்ட ஒன்றை, நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு எங்களிடமே திரும்ப விற்கிறீர்கள் என்ற உணர்வு அந்த இடைவெளியில்தான் எழுகிறது. அந்தச் சிறுவன் உங்கள் நடிகரை முந்திக்கொண்டதும் அந்த இடைவெளியில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த படமான 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யின் கதை வேறு வகை. அதற்கு அடுத்த புலிகேசி 2017இல் அறிவிக்கப்பட்டு, வேலைகள் தொடங்கி, நின்று, தயாரிப்புத் தரப்புக்கும் நடிகருக்கும் இடையே பிணக்காகி, 2021இல் அந்தப் பிணக்கு தீர்ந்தும் படம் மட்டும் வரவில்லை. அப்போது நான் வருந்தினேன். இப்போது அந்த வருத்தம் பெரிதும் குறைந்துவிட்டது. 2006இல் முதல் படத்தை இயக்கிய சிம்புதேவன் பத்திரிகையில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர். பழங்கால அரண்மனையைக் காட்டியபடியே அன்றைய நாளிதழைப் படிக்க வைத்தவர். குளிர்பான நிறுவனங்களை 'அக்காமாலா', 'கப்ஸி' என்று நாட்டுக்குள் அழைத்து வரும் அரசனும், சாதிச் சண்டைக்கென்று தனி மைதானம் திறந்து வைக்கும் அரசனும் அந்த ஆண்டின் தமிழ்நாட்டைப் பார்த்து எழுதப்பட்டவர்கள். அடுத்த புலிகேசி வந்திருந்தால், அவருடைய மீசையையும் நடையையும் திரும்பக் காட்டியிருப்பார்களா, அல்லது இன்றைய நாளிதழைப் பார்த்துப் புதிதாக எழுதியிருப்பார்களா என்பதுதான் என் ஐயம். முதலாவது நடந்திருக்கும் என்று நான் அஞ்சுவதற்கு, மற்ற இரண்டாம் பாகங்கள்தான் காரணம். அந்தப் படத்தில் நடித்த மனோரமா 2015இல் மறைந்துவிட்டார் என்பதும் ஒரு காரணம். அவரைப் போன்ற ஒருவரை எந்தப் பாகத்துக்கும் ஒப்பந்தம் செய்ய முடியாது.

2013 மே மாதம் வந்த 'சூது கவ்வும்' படத்தை யாரும் கேட்கவில்லை. ஆள் கடத்தலுக்கு ஐந்து விதிகள் வைத்துக்கொண்டு, அதிகம் ஆசைப்படாமல் கடத்தி, கற்பனைப் பெண்ணோடு பேசிக்கொண்டு திரியும் ஒரு நடுத்தர வயதுக்காரனைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்று எந்த ரசிகர் மன்றமும் தீர்மானம் போடவில்லை. நலன் குமாரசாமிக்கு அது முதல் படம். நடித்தவர்களில் பலர் அப்போதுதான் முகம் தெரியத் தொடங்கியவர்கள். எதிராளிகளுக்கெல்லாம் சிம்மசொப்பனமாக, ஒரு வார்த்தை பேசாமல் வந்த காவல் அதிகாரியின் துப்பாக்கி, இடுப்பின் பின்புறம் செருகிய இடத்திலேயே வெடித்து அவரையே பதம் பார்த்த கணத்தில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத ஒரு திகைப்போடு அரங்கம் சிரித்தது. 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்துக்கு இயக்குநர் வேறு, நாயகன் வேறு; தலைப்பும் விதிகளும் சில துணைப் பாத்திரங்களும் மட்டும் அதே. புதிய நாயகன் சிவாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த நாற்காலி அவருக்காகச் செய்ததன்று. யாரும் கேட்காத படம் தந்த திகைப்பை, எல்லோரும் கேட்ட படத்திலிருந்து எப்படிப் பெறுவது? இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் படம் எடுக்கும் நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டதற்கான அடையாளமாவது திரையில் தெரிய வேண்டாமா?

எல்லா இரண்டாம் பாகங்களையும் ஒரே தராசில் நிறுத்த நான் விரும்பவில்லை. 'கலகலப்பு 2' முதல் படத்தோடு கதை உறவு எதையும் பாராட்டாமல், தலைப்பை மட்டும் கடையின் பெயர்ப்பலகையைப் போல மாட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு நேர்மை இருந்தது. 'தமிழ்ப் படம் 2' எட்டு ஆண்டு இடைவெளியில் கேலி செய்வதற்குப் புதிய சரக்கை நீங்களே உற்பத்தி செய்து கொடுத்துவிட்டதால், அதற்கு வேலை இருந்தது. இரண்டாம் பாகம் எப்படி இருக்கலாம் என்பதற்கு நான் காட்ட விரும்பும் படம் 'சென்னை 600028'இன் இரண்டாம் இன்னிங்ஸ். 2007இல் தெருவில் மட்டை வீசிய பையன்கள் 2016இல் தொந்தியோடு வந்தார்கள். விளையாடப் போக மனைவியிடம் அனுமதி கேட்டுத் தவித்தார்கள். நண்பனின் திருமணத்துக்குத் தேனிப் பக்கம் போன இடத்தில் பழைய மட்டையைத் தொட்டார்கள். குறைகள் இருந்தன. ஆனால் ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை அந்தப் படம் மறைக்கவில்லை, அதையே நகைச்சுவையாக்கியது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அதே தொந்தியும் அதே அனுமதிப் பிரச்சினையும் இருந்தன.

அதே ஒன்பது ஆண்டு இடைவெளியில்தான் 'களவாணி'யின் இரண்டாம் பாகமும் வந்தது. 2010இல் வந்த முதல் படத்தில், ஊரையே ஏய்த்துத் திரியும் மகனைப் பற்றி, ஆடி போய் ஆவணி வந்தால் டாப்பாக வந்துவிடுவான் என்று சோதிடத்தை நம்பிக்கொண்டிருக்கும் தாயாகச் சரண்யா வருவார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு தாய் இல்லாத தெரு இல்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். 2019இல் அதே அறிக்கி, அதே மகேஸ்வரி, அதே ஊர் என்று எல்லாம் இருந்தும், அவன் பழைய வயதிலேயே, பழைய வேலையற்ற குறும்போடு, இம்முறை ஊராட்சித் தேர்தலில் நிற்கிறான். இடையில் ஒன்பது ஆவணிகள் வந்து போய்விட்டன ஐயா. டாப்பாக வந்தானா இல்லையா என்று அந்தத் தாயின் முகத்தில் ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் போதும், நான் அந்தப் படத்தை நேசித்திருப்பேன்.

பழையதையே கேட்கும் கூட்டம் நாங்கள் என்று உங்களுக்கு ஓர் எண்ணம் இருக்கலாம். அது உண்மையன்று என்பதற்கு அதே வடிவேலுவே சாட்சி. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' படத்துக்கும் 'சந்திரமுகி 2' படத்துக்கும் நடுவில், 2023 ஜூன் மாதம் 'மாமன்னன்' வந்தது. அதில் அவர் சிரிக்க வைக்கவில்லை. நாங்கள் பார்த்திராத ஒரு மனிதராக, அவமானத்தை விழுங்கி விழுங்கித் தொண்டை கட்டிப்போன ஒரு தந்தையாக வந்தார். ஒரு பழைய வசனமும் இல்லை, ஒரு பழைய உடல்மொழியும் இல்லை. அரங்கில் எழுந்த அமைதியும் கைதட்டலும் உங்களுக்கும் கேட்டிருக்கும். எங்களுக்குப் பிடித்த நடிகரைப் புதிய ஆளாகக் கொண்டுவந்தால் நாங்கள் ஏற்றுக்கொள்வோம் என்பது அந்த ஓராண்டுக்குள்ளேயே, முன்னும் பின்னும் இரண்டு படங்களை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியோடு, தெளிவாகவே தெரிந்துவிட்டது.

உங்கள் தரப்பையும் நான் அறியாதவனல்லன். புதிய தலைப்பை மக்கள் மனத்தில் பதிய வைக்கச் செலவு ஆகும். பழைய தலைப்பு ஏற்கெனவே பதிந்திருக்கிறது. ஓடிடி நிறுவனத்திடமும் தொலைக்காட்சியிடமும் விலை பேசும்போது, கதைச் சுருக்கத்தைவிட '2' என்ற எண் எளிதில் புரியும். ஃபர்ஸ்ட் லுக் வந்த அன்றே நாங்களும் கூத்தாடி, பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி, உங்களுக்காக இலவசமாக விளம்பரம் செய்து கொடுக்கிறோம். இந்தப் பாவத்தில் எங்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பழைய சிரிப்பை உற்பத்தி செய்த பட்டறை இப்போது இல்லை என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் நகைச்சுவைப் பகுதியை எழுதுவதற்கென்றே ஆள் இருந்தார்கள். கவுண்டமணி, செந்தில் இணைக்கு எழுதிய ஏ. வீரப்பன், ஸ்ரீதரின் படங்களில் சிரிப்பைச் சேர்த்த சித்ராலயா கோபு, 2019இல் நம்மை விட்டுப் போன கிரேசி மோகன் ஆகியோர் எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை விழ வேண்டும் என்று தூக்கம் கெட்டு யோசித்தவர்கள். இன்று காமெடி டிராக் என்பதே ஏறக்குறைய மறைந்துவிட்டது. நகைச்சுவை நடிகர்கள் நாயகர்களாகிவிட்டார்கள். அவர்கள் வளர்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் பட்டறையை மூடிவிட்டு, அதன் பழைய முத்திரையை மட்டும் புதிய சரக்கின் மீது குத்தினால், வாங்கியவன் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. மறைந்த பாடகர்களின் குரலை, குடும்பத்தாரின் இசைவோடு, செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்த பாடலை 2024இல் கேட்டோம்; அதே ஆண்டில் விஜயகாந்தின் உருவத்தையும் அவ்வாறே திரையில் கண்டோம். அந்த வரிசையில் நாளை நாகேஷையோ மனோரமாவையோ விவேக்கையோ எழுப்பிக் கொண்டுவந்து ஓர் இரண்டாம் பாகத்தில் நிறுத்த உங்களில் யாருக்கேனும் தோன்றினால், தயவுசெய்து அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒருவர் சிரிக்க வைப்பது அந்தக் கணத்தில் எதிரில் இருப்பவர் கொடுக்கும் பார்வையிலிருந்து பிறப்பது. விவேக்கின் முகத்தைக் கணினி வரைந்துவிடும். எதிரில் நிற்பவர் எதிர்பாராமல் ஒன்று சொன்னால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது அவரோடு போய்விட்டது.

நினைவை வைத்துச் சம்பாதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீடு கண்டபோது, இருபது ஆண்டுப் பழைய படத்துக்கு, அது வந்தபோது பிறந்திராத பிள்ளைகள் வந்து ஆடினார்கள். உங்கள் கிடங்குகளில் கிடக்கும் நகைச்சுவைப் படங்களின் படச்சுருளைத் தூசு தட்டி, ஒளியையும் ஒலியையும் சீர்செய்து, ஒரு வாரம் திரையிடுங்கள். 'காதலிக்க நேரமில்லை'யை ஆயிரம் பேர் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் பாலையாவின் அந்தத் துண்டு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை என் தலைமுறை அறியாது. நாங்கள் அதைப் பார்த்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டோடு, விளம்பரங்களுக்கு நடுவில்தான்.

அப்படியும் இரண்டாம் பாகம் எடுத்தே தீருவேன் என்றால், எங்களிடமிருந்து ஒரே ஒரு கோரிக்கை. அறிவிப்புச் சுவரொட்டியில் நடிகரின் படத்தையும் பெரிய '2' என்ற எண்ணையும் போடுகிற அதே சுவரொட்டியில், அந்தப் படத்தின் நகைச்சுவையை உட்கார்ந்து எழுதியவரின் பெயரையும் கண்ணுக்குத் தெரியும் அளவில் போடுங்கள். அப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஓர் ஆறு மாதம் நேரமும் உரிய சம்பளமும் கொடுக்கப்பட்டிருக்கிறது, நாயகனுக்கு எதிரில் நின்று எரிச்சல்பட ஓர் ஆளையும் அவர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், முதல் நாள் முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிடுகிறேன். ஒன்று எனக்கு, இன்னொன்று எங்கே என்று கேட்டால், என் தந்தை விடை வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
இன்னமும் முதல் வாரத்திலேயே வந்துவிடும் ஒரு ரசிகன்,
தஞ்சாவூர்.